கைச்சாடைக்குக் கட்டுப்படும் கம்ப்யூட்டர்: நம் கடைக்கு வருமா?

ஜவளகிரியில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் ஓசூரில் இன்ஜினியரிங் படிக்கிறார். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, "அப்பா, இனிமே நீங்க எதையும் தொட வேண்டாம். கையைக் காட்டினா போதும், பில் விழும்" என்று சொல்லியிருக்கிறார். சேதி கடைவீதியில் பரவிற்று. நாமும் நாலைந்து பேராகப் போய் நின்று பார்த்தோம். பார்த்தவர்களில் இருவர் அங்கேயே, "சங்கம் மொத்தமாப் பேசி எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தா என்ன?" என்று கேட்டுவிட்டார்கள். அதன்பின் தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் விசாரிப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன. எனவே இந்த விஷயத்தில் நம் கருத்தை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில் கண்டதைச் சொல்லிவிடுகிறோம். தனியாக எந்தக் கருவியும் அங்கே இல்லை. லேப்டாப் திரைக்கு மேலே இருக்கும் சாதாரண கேமராதான் கையைப் பார்க்கிறது. கூகுள் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஒரு புரோகிராம், கேமராவில் தெரியும் கையில் மணிக்கட்டுக்கு ஒன்று, விரலுக்கு நான்கு என்று 21 புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகள் நகரும் விதத்தை நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். இந்தப் பிள்ளை அதைத் தன் தந்தையின் பில் போடும் கணக்கோடு இணைத்திருக்கிறார். ஒரு விரலை நீட்டினால் திரையில் அம்புக்குறி நகரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டினால் சரக்கு தேர்வாகும். கையைப் பக்கவாட்டில் வீசினால் அடுத்த பக்கம் வரும்.

முதல் பத்து நிமிடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கடைக்காரர் கடலெண்ணெய் அளந்து ஊற்றிய கையைத் துடைக்காமலேயே, விரலை அசைத்து எண்ணெய் ஒரு லிட்டர் என்று பில்லில் ஏற்றினார். நாம் எல்லோரும் கை தட்டினோம். மளிகைக் கடையில் கீபோர்டு படும் பாடு நமக்குத் தெரியும். மஞ்சள்தூளும் வெல்லப் பிசுக்கும் எண்ணெயும் சேர்ந்து இரண்டு வருடத்தில் பாதி எழுத்துகள் அமுங்குவதில்லை. தொடு திரையோ இன்னும் மோசம். எண்ணெய்க் கையால் தொட்டால் ஒன்றுக்கு இரண்டாக விழும். தொடாமலே வேலை நடக்குமென்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பிறகு வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் கையை நீட்டி, "அந்தப் புளி எவ்வளவு?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் அந்த அம்மாளின் கையையும் கடைக்காரர் கையாகவே எடுத்துக்கொண்டது. எடுத்து வைத்திருந்த துவரம்பருப்பு போய் வேறு ஏதோ சரக்கு வந்து நின்றது. கடைக்காரர் உள்ளே இருந்த ஆளை, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து நாம் வழக்கமாக அழைப்பதுபோல, "வா" என்று அழைத்தார். ஆள் வருவதற்குள் பில் பக்கம் புரண்டு போய்விட்டது. மேலைநாட்டார் உள்ளங்கையை மேலே வைத்து விரலை மடக்கி அழைக்கிறவர்கள். அந்தப் பிள்ளை வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்துச் சைகைகளை அமைத்திருந்தபடியால், நம் ஊர் "வா" அதற்குத் தள்ளிவிடும் சைகையாகப் பட்டிருக்கிறது. வெல்லத்தின்மேல் மொய்த்த ஈயை விரட்டியபோது நடந்ததை எழுதவே வேண்டாம். பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்ததும் கேமராவுக்குக் கை சரியாகத் தெரியவில்லை. நம் பக்கத்தில் மாலையானால் கரண்டு எப்படி இருக்கும் என்பதும், யானை இறங்கும் மாதங்களில் எத்தனை மணிக்குக் கடை அடைக்கிறோம் என்பதும் ஜவளகிரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவை போகட்டும். இருபது பில் போட்டு முடித்ததும் கடைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மூட்டை தூக்கினாக்கூட இப்படி வலிக்கலைப்பா" என்றார். பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று.

அந்தப் பிள்ளை வருந்தத் தேவையில்லை என்பதற்காகவும் இதை எழுதுகிறோம். கோடி கோடியாய்ப் பணம் கொட்டிய பெரிய கம்பெனிகளும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றன. கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து வேலை செய்தால் வரும் வலிக்கு அந்தத் துறையில் "கொரில்லா கை" என்று ஒரு பெயரே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2010 நவம்பரில் கினெக்ட் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. விலை 150 டாலர். எதிரே நிற்பவரின் கை கால் அசைவைப் பார்த்து வீடியோ விளையாட்டை நடத்தும் கருவி அது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2017-ல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் லீப் மோஷன் என்ற கம்பெனி, இரண்டு சின்னக் கேமராவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளும் வைத்த, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்றை 2013-ல் 80 டாலருக்கு விற்றது. விரல் நுனியின் மெல்லிய அசைவைக்கூட அது பிடித்தது. மௌஸுக்கு முடிவு வந்துவிட்டது என்று அப்போது எழுதாத பத்திரிகை குறைவு. ஒரு காலத்தில் 30 கோடி டாலருக்கு மேல் மதிப்புப் போடப்பட்ட அந்தக் கம்பெனி, 2019-ல் சுமார் 3 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. பத்தில் ஒரு பங்கு! மௌஸ் இன்றைக்கும் நம் கல்லாவில் இருக்கிறது.

கனடா நாட்டுக்காரர்கள் முழங்கைக்குக் கீழே கட்டும் ஒரு பட்டையைச் செய்தார்கள். தசையில் ஓடும் மின் அதிர்வைக் கொண்டு விரல் அசைவை ஊகிக்கும் கருவி. அதன் விற்பனை 2018-ல் நின்றது. கூகுள் 2019-ல் தன் பிக்ஸல் 4 செல்போனுக்குள் ஒரு குட்டி ரேடார் வைத்து, போனுக்கு மேலே கையை வீசினால் பாட்டு மாறும்படி செய்தது. அந்த ரேடாருக்கு வேண்டிய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால், அந்த போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

நமக்குப் பக்கத்திலும் இந்த முயற்சி நடந்திருக்கிறது. 2009 நவம்பரில் மைசூரில் நடந்த ஒரு மாநாட்டில், குஜராத் மாநிலம் பாலன்பூரைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி என்ற இளைஞர் மேடையேறினார். அப்போது அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். கழுத்தில் ஒரு கேமராவும் சிறிய புரொஜெக்டரும் தொங்கவிட்டு, விரல் நுனிகளில் கலர் கலராக உறை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையிலேயே எண்களை ஒளியாக விழவைத்து போன் நம்பர் அழுத்தும் தன் கண்டுபிடிப்பைப் பற்றி அங்கே பேசினார். அந்தக் கருவிக்கு 350 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் 16,000 ரூபாய் போல ஆகியிருக்கிறது. நமக்கு அதைவிடப் பிடித்தது அவர் முதலில் செய்ததாகச் சொன்ன காரியம். பழைய மௌஸ்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் உருளைகளை எடுத்து, நூலும் கப்பியும் ஸ்பிரிங்கும் சேர்த்துக் கை அசைவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கருவியை இரண்டு டாலர் செலவில் செய்தாராம். இது நம் ஊர் மெக்கானிக் புத்தி! ஆயினும் அந்தக் கழுத்துக் கருவி எந்தக் கடைக்கும் விற்பனைக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்று கேரளத்தில் நடந்தது. இந்தக் கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதை ஒட்டித்தான். 2014-ல் ரோஹில்தேவ் என்ற இளைஞரும் அவர் நண்பர்களும் கொச்சியில் 'ஃபின்' என்ற மோதிரம் ஒன்றை அறிவித்தார்கள். கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டால், ஒவ்வொரு கணுவும் ஒரு பட்டனாக வேலை செய்யும் என்பது திட்டம். உலகம் முழுவதிலுமிருந்து இணையத்தின் வழியே 2 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் வந்தது.

இதைப் படித்தபோது நமக்கு நம் தகப்பனார் காலத்து வியாபாரிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். லாரியிலிருந்து ராகி மூட்டை இறங்கும். கடைக்காரர் ஓரமாக நின்று டிரைவரோடு தெலுங்கிலே ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். இடது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும். விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஒரு சுற்று முடிந்தால் ஒரு டஜன். வலது கை விரலை ஒன்று மடக்கிக்கொள்வார். லோடு இறங்கி முடிந்ததும், எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை 58 என்றால், "59, போய் மறுபடி எண்ணு" என்பார். எண்ணிப் பார்த்தால் 59 இருக்கும். மாட்டுச் சந்தையிலே தரகர்கள் துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பத்துப் பேர் சூழ நின்றாலும் என்ன விலை ஓடுகிறதென்று வெளியே தெரியாது. விற்பவர் கன்னடம், வாங்குபவர் தமிழ், தரகர் தெலுங்கு என்றாலும் பேரம் முடியும்.

ஆக, கையாலே கணக்குப் போடுவதும் சேதி சொல்வதும் நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கங்கள் ஏன் அத்தனை காலம் நின்றன என்று யோசித்தால் ஒன்று விளங்குகிறது. கணுவில் எண்ணும்போது கை கீழே தொங்கிக்கொண்டுதான் இருந்தது, யார் கண்ணும் அதன்மேல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பேச்சும் தடைபடவில்லை. துண்டுக்குள் பிடித்த விரல் தவறிப்போய் வேறு யாருக்கும் சேதி சொல்லிவிடாது. கொச்சிப் பிள்ளைகள் கணுவைப் பிடித்தது சரியான இடத்தைப் பிடித்ததுதான் என்பது நம் எண்ணம். ஆனால் அன்று அறிவித்தபடி கணுக்களைப் பட்டனாக்கும் மோதிரம் இன்றுவரை நம் போன்ற கடைகளுக்கு வரவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் மெட்டா நிறுவனம் மூக்குக்கண்ணாடியோடு ஒரு மணிக்கட்டுப் பட்டையையும் சேர்த்து 799 டாலருக்கு விற்க ஆரம்பித்திருக்கிறது. கையைத் தொங்கவிட்டபடியே விரலை அசைத்தால் போதுமாம். வழி அதுதான் போலிருக்கிறது. விலைதான் நமக்கு வழியில்லை.

யாரும் சொல்லாமலே நம் கடைகளுக்குள் வந்து நிலைத்துவிட்ட இயந்திரங்களை எண்ணிப் பாருங்கள். எலக்ட்ரானிக் தராசு வந்தது. படிக்கல் தூக்கும் வேலை போயிற்று. செல்போனில் பணம் அனுப்பினால் "இத்தனை ரூபாய் வந்தது" என்று கூவும் பெட்டி வந்தது. ஆரம்பத்தில் சிரித்தோம். இன்று அது இல்லாத பெட்டிக்கடை இல்லை. ஏனென்றால் அது கடைக்காரரிடம் எதையும் கேட்பதில்லை. கை பொட்டலம் கட்டிக்கொண்டே இருக்கலாம், காது மட்டும் போதும். ஆனால் கைச்சாடைக் கம்ப்யூட்டரோ, கட்டிக்கொண்டிருக்கும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் முன்னால் கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறது. நம் கடையில் சும்மா இருக்கும் கை எது? ஒரு கை அளக்கும், ஒரு கை சில்லறை கொடுக்கும். ஆகவே பில் போடும் முழு வேலைக்கும் இதைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கிக் கொடுப்பது என்ற யோசனையை நாம் இப்போது ஆதரிக்கவில்லை.

உறுப்பினர்கள் இதில் ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை நாம் மறுக்கவில்லை. கடைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஓசூர் சிப்காட்டுக்கும் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கும் கம்பெனி பஸ் வந்து கிராமத்திலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. அவர்கள் கொடுக்கும் சம்பளத்தை நாம் கொடுக்க முடியாது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் கம்ப்யூட்டரும் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அறுபது வயதுக்கு மேல் கீபோர்டில் எழுத்துத் தேடும் நம் மூத்த வணிகர்களின் சங்கடம் நமக்குத் தெரியும். பெங்களூரு மண்டியில் கன்னடத்தில் விலை பேசி, கடையில் தெலுங்கில் பற்று எழுதி, வீட்டில் தமிழ் பேசுகிறவருக்கு, ஆங்கில எழுத்துப் பலகைக்குப் பதில் ஒரு விரலசைவு போதுமென்றால் அது பெரிய விடுதலை. அதனால்தான் இதை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைத்தான் உறுப்பினர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். நம் சைகைக்குக் கட்டுப்படும் அதே கேமராவால், நம் கையைக் காவல் காக்கவும் முடியும். அமேசான் நிறுவனம் 2018 ஜனவரியில் சியாட்டில் நகரில் ஒரு கடையைத் திறந்தது. கல்லாவே கிடையாது. கூரையெங்கும் கேமரா. வாடிக்கையாளர் எந்தத் தட்டிலிருந்து எதை எடுத்தார், எதைத் திரும்ப வைத்தார் என்பதைக் கேமராவும் தட்டுகளில் உள்ள எடைக் கருவியும் பார்த்துக் கணக்கிட, அவர் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தால் போதும். பில் தானாகப் போய்ச்சேரும். 2024 ஏப்ரலில், தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அந்த ஏற்பாட்டை எடுத்துவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அந்தச் சமயத்தில், கேமரா எடுத்த படங்களை இந்தியாவில் உட்கார்ந்து ஏராளமான பேர் பார்த்துச் சரிசெய்து வந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. நேரடியாக ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஆட்கள் பார்த்தார்கள் என்பது சரியல்ல, இயந்திரத்தைப் பழக்குவதற்கும் சிறு பகுதியைச் சரிபார்ப்பதற்குமே ஆட்கள் இருந்தார்கள் என்று நிறுவனம் மறுத்தது. எதுவானாலும், அமெரிக்காவில் ஒருவர் தக்காளி எடுத்த கையை நம் நாட்டில் யாரோ ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது என்பது உண்மை.

நாளை நம் கடைக்கும் இப்படி ஒரு கேமரா, "பில்லுக்கு உதவி" என்ற பெயரில் வரலாம். கல்லாவில் கைவைக்கும் ஆள் யார் என்று பிடித்துத் தரும் என்று ஆசை காட்டுவார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் வேலை செய்கிறவர் தம்பி மகனோ, இருபது வருடமாகக் கூட இருக்கும் ஆளோதான். அவர் கையை நாள் முழுக்க ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபின், மறுநாள் சாவியை அவரிடம் எப்படிக் கொடுப்போம்? வாடிக்கையாளருக்கு ஒரு கை அதிகமாகக் கடலை அள்ளிப் போடும் பழக்கத்தையும் அந்தக் கண் நஷ்டம் என்றே எழுதும். போதாததற்கு, நம் கொள்முதல் எவ்வளவு, எந்தச் சரக்கு எந்த நேரத்தில் ஓடுகிறது என்ற விவரமெல்லாம் எங்கேயோ ஒரு கம்பெனியின் கையில் போய்ச் சேரும். பெரிய கடைகள் நம் ஊர் எல்லைக்கு வரும்போது அந்த விவரம் யாருக்குப் பயன்படும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கேமரா வைத்த எந்தக் கருவியை யார் கொண்டுவந்தாலும், படம் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நிற்கிறதா, வெளியே போகிறதா என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இண்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக்காட்டச் சொன்னால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஜவளகிரிப் பிள்ளை செய்தது அந்தச் சோதனையில் தேறியது. வயரை எடுத்தபின்னும் ஓடியது. கருவியைப் பகலில் மட்டும் பார்க்காமல் மாலை ஆறு மணிக்கு மேல், கூட்டம் இருக்கும்போது பார்க்க வேண்டும். இதுவும் நாம் பட்டு அறிந்தது.

அந்தப் பிள்ளையிடம் இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். கேட்டவர் அவருடைய தகப்பனாரேதான். "எல்லாம் கையாலே வேண்டாம்பா. சரக்கை நான் அமுக்கிக்கிறேன். எண்ணெய் ஊத்தும்போது மட்டும் எனக்கு ரெண்டு சைகை போதும். ஒண்ணு, அடுத்த பில். இன்னொண்ணு, பிரிண்ட்" என்றார். கேமராவை வாடிக்கையாளர் பக்கம் பாராமல் எண்ணெய் டின் இருக்கும் மூலையைப் பார்த்துத் திருப்பி, கடைக்காரர் கை மட்டும் படும்படி வைக்கலாம் என்று பிள்ளையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். "வா" என்று கூப்பிடும் நம் ஊர்ச் சைகைக்கு எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்படியும் அதைப் பழக்கப் போகிறாராம். பொங்கல் வியாபாரக் கூட்டத்தில் அது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, செயற்குழுவில் வைத்து, மறுபடியும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம். அதுவரை யாரும் முன்பணம் கட்ட வேண்டாம்.